ஒரே அடுப்படி, இரண்டு வாசல்: கணினியின் முன் ஜாக்கும் பின் ஜாக்கும் எப்படி இயங்குகின்றன?

டெஸ்க்டாப் கணினியில் பாட்டு ஓடுகிறது. பின்பக்கம் செருகிய ஸ்பீக்கரில் நன்றாகக் கேட்கிறது. முன்பக்கம் ஹெட்போனைச் செருகினால் சத்தமே இல்லை. இன்னொரு வீட்டில் நேர் எதிர்: முன்னால் கேட்கிறது, பின்னால் ஊமை. வேறோர் இடத்தில் இரண்டிலும் கேட்கிறது, ஆனால் முன்பக்கத்தில் மட்டும் ‘ங்ங்ங்’ என்று ஓர் இரைச்சல் கூடவே வருகிறது. மூன்றும் வெவ்வேறு கோளாறுகள். ஆனால் மூன்றுக்கும் “சவுண்ட் கார்டு போச்சு” என்று ஒரே தீர்ப்பைச் சொல்லி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறோம்.

நீலகிரியின் குந்தா வட்டாரத்தில் அது சின்னப் பயணம் அல்ல. மஞ்சூரிலிருந்து ஊட்டிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை. கெத்தை வழியாகக் கோவைக்கு இறங்கினால் 43 கொண்டை ஊசி வளைவுகள். நடுவில் யானை நின்றால், அது நகரும்வரை காத்திருக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் மண் சரிந்தால் அந்த வழியும் அடைபடும். 2019 ஆகஸ்டில் இந்தக் குந்தா மலைகளின் அவலாஞ்சியில்தான் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. இப்படிப்பட்ட ஊரில் ஆன்லைன் வகுப்பு கேட்கும் மாணவிக்கும், தேயிலை ஆலை அலுவலகத்தில் வீடியோ கூட்டத்துக்கு உட்காரும் கணக்கருக்கும், ஹட்டியில் (படுகர் ஊரில்) பெரியவர்கள் பாடும் படுகர் பாட்டைப் பதிவு செய்யும் இளைஞருக்கும் கோளாறு எங்கே இருக்கிறது என்று தாமே கண்டறியத் தெரிந்திருப்பது நல்லது. அது கடினமான வித்தையும் அல்ல. முன் ஜாக்கும் பின் ஜாக்கும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும், அவற்றுக்குச் சத்தம் வந்து சேரும் வழி வேறு வேறு. அந்த வழி தெரிந்துவிட்டால், ஒரு ஜாக்கை வைத்தே மற்றொன்றைச் சோதித்துவிடலாம்.

மெஸ்ஸும் மாஸ்டரும்

மஞ்சூர் பஜாரில் ஒரு மெஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பின்கட்டில் அடுப்படி. சமையல் மாஸ்டர் ஒருவர்தான். அடுப்படிச் சுவரிலேயே ஒரு பார்சல் ஜன்னல் இருக்கிறது. மாஸ்டர் கையை நீட்டினால் போதும், பொட்டலம் வெளியே போய்விடும். சாப்பிட உட்காரும் கூடம் தெருப்பக்கம், முன்னால் இருக்கிறது. அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு நீண்ட நடை. சப்ளையர் அந்த நடை வழியாகத்தான் தட்டை எடுத்து வர வேண்டும். கல்லாவில் ஒரு மேனேஜர். எது கூடத்துக்கு, எது பார்சலுக்கு என்று அவர்தான் சொல்கிறார்.

கணினியிலும் இதே அமைப்புதான். பாட்டு, கணினிக்குள் வெறும் எண்களாக இருக்கிறது. சிடி தரத்தில் ஒரு வினாடிக்கு, ஒரு காதுக்கு, 44,100 எண்கள். இவை சமைக்காத அரிசி, பருப்பு மாதிரி. அப்படியே காதுக்கு ஆகாது. மதர்போர்டில் உட்கார்ந்திருக்கும் ‘கோடெக்’ என்ற சிறிய சிப் இந்த எண்களை ஏறி இறங்கும் மின்னழுத்தமாக மாற்றித் தருகிறது. அதுதான் மாஸ்டர். பெரும்பாலான மதர்போர்டுகளில் இது தைவானின் ரியல்டெக் நிறுவனம் தயாரித்த சிப். முதுகில் நண்டுப் படம் இருக்கும், பெயர் ‘ஏஎல்சி’ என்று தொடங்கும்.

பின்பக்க ஜாக்குகள் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டவை. மாஸ்டருக்கும் அவற்றுக்கும் இடையே சில அங்குலம்தான் தூரம். வயரும் இல்லை, இணைப்பியும் இல்லை. பார்சல் ஜன்னல் அதுதான். முன்பக்க ஜாக்குகளோ கேபினெட்டைச் சேர்ந்தவை. கேபினெட் செய்த கம்பெனி ஒரு சிறிய பலகையில் அவற்றைப் பொருத்தி, ஒரு நீண்ட வயரைத் தொங்கவிட்டிருக்கும். கணினியை அசெம்பிள் செய்பவர் அந்த வயரை மதர்போர்டில் உள்ள ‘பின்’ (ஊசிமுனை) வரிசையில் செருக வேண்டும். இதுதான் நடை. அதை அவர் செருக மறந்தால், அல்லது வேறு இடத்தில் செருகினால், கூடத்தில் உட்கார்ந்தவருக்குச் சாப்பாடு வராது. மாஸ்டர் மேல் குற்றம் இல்லை.

இதிலிருந்து முதல் விதி கிடைக்கிறது. முன் ஜாக் வேலை செய்யவில்லை என்றால், அதே ஹெட்போனைப் பின்பக்கத்துப் பச்சை ஜாக்கில் செருகிப் பாருங்கள். அங்கே கேட்டால் மாஸ்டர் நலமாக இருக்கிறார். கோளாறு நடையிலோ, கூடத்திலோ, மேனேஜரிடமோதான் இருக்க வேண்டும்.

மேசை மணி

கூடத்தில் ஆள் உட்கார்ந்திருப்பது அடுப்படிக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு மேசையிலும் ஒரு மணி இருக்கிறது. மணிக்கு மணி ஓசை வேறு. ஓசையைக் கேட்டே எந்த மேசை என்று மேனேஜர் சொல்லிவிடுவார்.

ஜாக்குக்குள்ளும் அப்படி ஒரு மணி உண்டு. பிளக் உள்ளே போகும்போது ஒரு மெல்லிய தகடு நகர்ந்து, ஒரு சிறு சுவிட்ச் மாறுகிறது. அந்தச் சுவிட்சோடு ஒரு ரெசிஸ்டர் இணைந்திருக்கும். ஜாக்குக்கு ஜாக் அதன் அளவு வேறு: 5.1, 10, 20, 39.2 கிலோ ஓம். கோடெக் ஒரே கம்பியில் மொத்த மதிப்பை அளந்து, எந்த ஜாக்கில் பிளக் ஏறியிருக்கிறது என்று கணக்கிட்டுவிடும். ஹெட்போனைச் செருகியதும் திரையின் மூலையில் அறிவிப்பு வருகிறதே, அது இந்த மணியின் ஓசைதான்.

இந்த ஏற்பாடு இன்டெல் 2004-ல் கொண்டுவந்த ‘எச்டி ஆடியோ’ முறையில் வந்தது. அதற்கு முன்னால் 1997-லிருந்து ‘ஏசி 97’ என்ற முறை இருந்தது. அதில் மேசை மணி கிடையாது. சமைத்தது எல்லாம் முதலில் நடை வழியாக முன்கூடத்துக்குப் போகும். அங்கே யாரும் இல்லையென்றால் திரும்பி வந்து பார்சல் ஜன்னலில் சேரும். முன்னால் ஹெட்போனைச் செருகினால் அந்தத் திரும்பும் வழி அறுபட்டு, பின்பக்க ஸ்பீக்கர் தானாக அடங்கிவிடும். முன் வயரே இல்லாத பழைய கணினிகளில் அந்தப் ‘பின்’ வரிசையின் 5-ஐயும் 6-ஐயும், 9-ஐயும் 10-ஐயும் ஜம்பர் என்ற சிறு இணைப்பு மூடிகள் இரண்டால் இணைத்திருப்பார்கள். அந்த ஜம்பர் விழுந்துவிட்டால் பின்பக்க ஸ்பீக்கர் ஊமையாகும். இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினிகளில் இதைப் பார்க்கலாம்.

பழையதும் புதியதும் கலக்கும்போது சிக்கல் வருகிறது. பல கேபினெட்டுகளில் ஒரே வயரின் நுனியில் ‘எச்டி ஆடியோ’, ‘ஏசி 97’ என்று இரண்டு தலைகள் தொங்கும். இன்றைய மதர்போர்டில் முதலாவதை மட்டும்தான் செருக வேண்டும். இரண்டாவதைச் செருகினால் மணிக் கம்பி இல்லாமல் போகும். மேசையில் ஆள் உட்கார்ந்திருப்பார்; மணி அடிக்காது; சாப்பாடும் வராது.

குந்தாவின் ஈரம் செய்யும் வேலை

பின்பக்க ஸ்பீக்கர் திடீரென்று ஊமையாகிறது, முன்னால் ஹெட்போன் எதுவுமே செருகவில்லை. மழைக்காலத்தில் பல நாள் மூடிக் கிடந்த கணினியில் இந்தக் கோளாறு வந்தால், முதலில் முன் ஜாக்கைச் சந்தேகியுங்கள். ஜன்னலைத் திறந்தால் மூடுபனி வீட்டுக்குள் வரும் ஊர் இது. ஜாக்கின் உட்புறத் தகடுகள் மிக மெல்லியவை. ஈரமும் தூசியும் சேர்ந்தால் அவற்றின் மேல் ஒரு படலம் படிகிறது, சில வேளை தகடு பழைய இடத்துக்குத் திரும்பாமல் ஒட்டிக்கொள்கிறது. காலி மேசையின் மணி விடாமல் அடிக்கிறது என்று அர்த்தம். மேனேஜர் அதை நம்பி எல்லாச் சாப்பாட்டையும் கூடத்துக்கு அனுப்பிவிட்டு, பார்சல் ஜன்னலைச் சாத்திவிடுகிறார்.

மருந்து எளிது. கணினியை அணைத்து, பவர் வயரைக் கழற்றுங்கள். ஹெட்போன் பிளக்கை முன் ஜாக்கில் பலமுறை செருகி எடுங்கள், மெதுவாகச் சுற்றுங்கள். உராய்விலேயே படலம் கொஞ்சம் போய்விடும். போதவில்லையென்றால் மருந்துக்கடையிலோ எலெக்ட்ரானிக்ஸ் கடையிலோ கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஒரு மெல்லிய பஞ்சுக்குச்சியில் லேசாகத் தொட்டு உள்ளே துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் பிறகு மின்சாரம் கொடுங்கள். ஊசி, ஹேர்பின், கம்பி எதையும் விடவே கூடாது. வளைந்த தகடு திரும்ப நிமிராது. தேங்காய் எண்ணெயும் வேண்டாம். தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஒரு காதில் மட்டும் கேட்பதும் பெரும்பாலும் இதே கோளாறுதான். 3.5 மில்லிமீட்டர் பிளக்கின் நுனி இடது காதுக்கு, நடு வளையம் வலது காதுக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான எர்த். பிளக்கைச் சுற்றும்போது மற்றக் காது வந்து வந்து போனால் ஜாக்கோ பிளக்கோ தேய்ந்திருக்கிறது. அதே ஹெட்போனைப் பின் ஜாக்கிலோ வேறொரு கருவியிலோ போட்டுப் பார்த்தால், எது என்று தெரிந்துவிடும்.

கல்லாவில் இருப்பவர்

ஜாக்கையும் வயரையும் கழற்றுவதற்கு முன் மேனேஜரைக் கேளுங்கள். கணினியில் அந்த மேனேஜர் என்பது டிரைவரும் சவுண்ட் செட்டிங்ஸும்தான்.

எச்டிஎம்ஐ வயரில் மானிட்டரை இணைத்த பிறகு “சத்தம் போய்விட்டது” என்று சொல்பவர்கள் நிறைய. அந்த வயரில் படத்தோடு ஒலியும் போகிறது. பக்கத்துக் கட்டடத்தில் இன்னொரு அடுப்படி திறந்த மாதிரி; மேனேஜர் எல்லா ஆர்டரையும் அங்கே அனுப்பத் தொடங்கிவிடுகிறார். மானிட்டரில் ஸ்பீக்கரே இல்லையென்றால், அங்கே போன சத்தம் யாருக்கும் கேட்காது. விண்டோஸில் கடிகாரத்தின் பக்கத்தில் உள்ள ஸ்பீக்கர் படத்தைச் சொடுக்கி, அவுட்புட் பட்டியலில் ரியல்டெக் பெயருள்ள ஸ்பீக்கரையோ ஹெட்போனையோ தேர்ந்தெடுத்தால் சத்தம் திரும்பும்.

அடுத்தது ரியல்டெக் ஆடியோ கன்சோல். அதில் இரண்டு தேர்வுகள் முக்கியமானவை. ஒன்று, முன்னால் ஹெட்போன் செருகியதும் பின் ஸ்பீக்கரை அடக்குவதா, முன்னும் பின்னும் தனித்தனியாக ஒலிக்கவிடுவதா என்பது. முன் ஹெட்போனில் வகுப்பும் பின் ஸ்பீக்கரில் பாட்டும் ஒரே நேரத்தில் வேண்டுமானால் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றொன்று, முன்பக்க ஜாக் கண்டறிதலை நிறுத்துவது. மணிக் கம்பி இல்லாத பழைய கேபினெட்டுக்கு இதுவே வழி: மணிக்குக் காத்திராமல் எப்போதும் கூடத்துக்கும் பரிமாறு என்று மேனேஜரிடம் சொல்லிவைப்பது.

சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், உபுண்டு போன்ற லினக்ஸ் கணினிகளில் டெர்மினலைத் திறந்து ‘ஆல்சாமிக்சர்’ என்ற நிரலை இயக்குங்கள். எஃப்6 பொத்தானால் சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பட்டையின் கீழே ‘எம்எம்’ என்று இருந்தால் அது ஊமையாக்கப்பட்டிருக்கிறது. எம் எழுத்தை அழுத்தினால் திறக்கும். அங்கே ‘ஆட்டோ மியூட்’ என்று ஒரு தேர்வும் இருக்கும். ஜாக்கின் சுவிட்ச் ஒட்டிக்கொண்ட கணினியில் அதை அணைத்துவைத்தால் பின் ஸ்பீக்கர் பேசத் தொடங்கும்.

இரண்டு ஜாக்கிலும் சத்தம் இல்லை, சாதனப் பட்டியலில் ரியல்டெக் பெயரே காணோம் என்றால் பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரைக்குள்) போய், ஆடியோ கன்ட்ரோலர் இயங்கும் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுப்பே பற்றவைக்கப்படவில்லை என்றால் மாஸ்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. சில மதர்போர்டுகளில் முன்பக்கம் எச்டியா, ஏசி 97-ஆ என்று கேட்கும் தேர்வும் அங்கே உண்டு.

பெட்டியைத் திறந்தால்

செட்டிங்ஸ் எல்லாம் சரி, பின் ஜாக் கேட்கிறது, முன் ஜாக் இன்னும் ஊமை. இப்போது நடையைப் பார்க்க வேண்டும். பவர் வயரைக் கழற்றி, கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து, உடம்பின் நிலைமின் போக ஒருமுறை கேபினெட்டின் உலோகத்தைத் தொடுங்கள்.

முன் ஜாக்கிலிருந்து வரும் வயரைப் பிடித்துக்கொண்டே போங்கள். பெரும்பாலான மதர்போர்டுகளில் அது கீழ் விளிம்பில், பின் ஜாக்குகள் இருக்கும் பக்கமாக முடியும். பக்கத்தில் ‘எஃப் ஆடியோ’, ‘எச்டி ஆடியோ’, ‘ஏஏஎஃப்பி’, ‘ஜேஏயுடி’ என்று கம்பெனிக்குக் கம்பெனி வேறு பெயர் அச்சிட்டிருக்கும். இரண்டு வரிசையில் பத்து இடம், ஒன்பது பின். எட்டாம் எண் இடம் காலி. வயரின் தலையிலும் அந்த ஓட்டை மட்டும் அடைத்திருக்கும். அருகிலேயே யூஎஸ்பி 2.0 பின்களும் இதே அளவில் இருக்கும், ஆனால் அங்கே காலியாக இருப்பது ஒன்பதாம் இடம். அதனால் அழுத்தம் கொடுத்தால்தான் ஏறும் என்றால் இடம் தவறு. நிறுத்திவிடுங்கள். ஆடியோ தலையை யூஎஸ்பி பின்களில் திணித்தால் 5 வோல்ட் மின்சாரம் போகக் கூடாத இடத்துக்குப் போகும்.

வயர் சரியான இடத்தில்தான் இருக்கிறது என்றால் ஒருமுறை கழற்றி மறுபடி செருகுங்கள். ஈரத்தில் படலம் படிந்த பின்களுக்கு அதுவே பல முறை போதுமான வைத்தியம்.

புகை வாசனை

நடை விறகடுப்பின் பக்கமாகப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்டர் எவ்வளவு நன்றாகச் சமைத்தாலும் கூடத்துக்கு வந்து சேரும் சாப்பாட்டில் புகை வாசனை ஏறியிருக்கும். பார்சல் ஜன்னலில் வாங்கியவருக்கு அந்த வாசனை தெரியாது. முன் ஜாக்கில் மட்டும் கேட்கும் இரைச்சல் அந்தப் புகைதான். முன் வயர் கிராபிக்ஸ் கார்டு, மின்விசிறி, பவர் சப்ளை ஆகியவற்றை ஒட்டிப் போகிறது. மவுஸை நகர்த்தும்போது, பக்கத்தைக் கீழே உருட்டும்போது இரைச்சல் மாறினால் காரணம் இதுவே. வயரை கிராபிக்ஸ் கார்டிலிருந்து விலக்கி, கேபினெட்டின் தரையோரமாகக் கொண்டுபோய்க் கட்டுங்கள். பதிவு வேலைக்கு எப்போதும் பின் ஜாக்கையே பயன்படுத்துங்கள்.

விட்டு விடாமல் ஒரே சுருதியில் வரும் ‘ங்ங்ங்’ வேறு வகை. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு கட்டிய குந்தா மின்நிலையங்கள் தரும் மின்சாரமும், நாட்டின் மற்ற மின்சாரம் போலவே, வினாடிக்கு 50 சுற்றுகளாகத் திசை மாறி மாறி ஓடுகிறது. அந்த 50 ஹெர்ட்ஸ்தான் ஸ்பீக்கரில் முனகுகிறது. வீட்டில் எர்த் சரியில்லாதபோது இது பெருகும். கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இருந்தால், இது ஒலிக் கோளாறோடு நிற்கும் விஷயம் அல்ல, உயிர் சம்பந்தப்பட்டது. கணினியை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை உடைத்துவிட்டுப் பயன்படுத்துவதை இன்றே கைவிடுங்கள்.

சரக்கு இறங்கும் வழி

மைக் எதிர்த் திசை வேலை. அது அடுப்படிக்குச் சரக்கு வரும் வழி. பெருங்காயம் நிறுக்கும் தராசில் அரிசி மூட்டையை வைக்க முடியாது. ரோஜா நிற ஜாக் பெருங்காயத் தராசு: மைக்கிலிருந்து வரும் சில மில்லிவோல்ட்டை வாங்கிப் பலமடங்கு பெருக்கும். இளநீல ஜாக் மூட்டைத் தராசு: டேப் ரிக்கார்டர், கோயில் திருவிழா மிக்சர் போன்றவை தரும் பலமான ஒலிக்கானது. மிக்சரின் ஒலியை ரோஜா ஜாக்கில் கொடுத்தால் குரல் பிளந்து கேட்கும். பழைய கேசட்டிலிருந்து பாட்டைக் கணினிக்கு மாற்றுகிறவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். பச்சை, ரோஜா, இளநீலம் என்ற இந்த நிறங்களை இன்டெல்லும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து வெளியிட்ட பிசி 99 வழிகாட்டி வகுத்தது. இன்றும் அதுவே வழக்கம்.

செல்போன் ஹெட்செட்டின் பிளக்கில் மூன்று கறுப்புக் கோடு இருக்கும். அதாவது நான்கு தொடர்புகள். கேபினெட்டில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் தனித்தனி ஓட்டை இருந்தால் இந்த பிளக்கில் சத்தம் கேட்கும், மைக் வேலை செய்யாது. ஜாக் கெடவில்லை. ஒரு ‘ஒய்’ ஸ்ப்ளிட்டர் வாங்கினால் போதும்.

சோதிக்கும் வரிசை

1. ஹெட்போனை வேறொரு கருவியில் போட்டுப் பாருங்கள். அங்கும் கேட்காவிட்டால் கணினியைத் தொட வேண்டியதில்லை.
2. பின்பக்கப் பச்சை ஜாக்கில் செருகுங்கள். பின்னால் கேட்டு முன்னால் கேட்கவில்லையென்றால் நடை, மணி, மேனேஜர் ஆகிய மூன்றில் ஒன்று.
3. முன்னால் கேட்டுப் பின்னால் கேட்கவில்லையென்றால், முன் ஜாக்கின் சுவிட்ச் ஒட்டியிருக்கிறதா, தானாக அடக்கும் செட்டிங் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.
4. இரண்டிலும் கேட்கவில்லையென்றால் அவுட்புட் தேர்வு, டிரைவர், பயாஸ் என்ற வரிசையில் போங்கள்.
5. எல்லாம் சரியாக இருந்தும் சாதனப் பட்டியலில் கோடெக் தென்படவே இல்லையென்றால்தான் அந்தச் சிப் பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம்.

அப்போதும் மதர்போர்டை மாற்ற வேண்டியதில்லை. சில நூறு ரூபாய்க்கு யூஎஸ்பி சவுண்ட் அடாப்டர் கிடைக்கிறது. அதற்குள் தனி கோடெக் இருப்பதால், பழைய மாஸ்டர் படுத்துவிட்டாலும் புதியவர் வேலையை ஏற்றுக்கொள்வார். முன் ஜாக் மட்டும் உடைந்திருந்தால் பின் ஜாக்கிலிருந்து ஓர் எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து மேசை மேல் வைத்துக்கொள்ளலாம். செலவு இன்னும் குறைவு.

கடைக்குப் போகத்தான் வேண்டும் என்றால், எந்த ஜாக்கில் கேட்கிறது, எதில் கேட்கவில்லை, என்னென்ன சோதித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பின்பக்கப் பச்சை ஜாக்கில் சத்தம் கேட்கும்போது “சவுண்ட் கார்டு போச்சு” என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.